மரத்திலிருந்து நீள்கொம்பு வண்டை வளர்த்தெடுப்பது எப்படி

விளக்கொளிக்கு வந்து விழுந்த நீள்கொம்பு வண்டைப் பிடித்தால் அதன் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். அது எந்த மரத்தைத் தின்று வளர்ந்தது என்பது மட்டும் தெரியாது. பூவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்தச் செடியையே உணவு மரம் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அது பதிவே அல்ல. நீள்கொம்பு வண்டுகளின் குடும்பமான செராம்பிசிடேயில் பெயரிடப்பட்ட இனங்கள் 35,000-க்கும் மேல். பெரும்பாலானவை வண்டாக உலவுவது சில வாரங்களோ சில மாதங்களோதான். மற்ற காலமெல்லாம் புழுவாக மரத்துக்குள். ஆகவே மரத்தையே கொண்டுவந்து அடைத்துவைத்து, வண்டு தானாக வெளியே வரும்வரை காத்திருப்பதுதான் நம்பகமான வழி.

சமீபத்தில் செத்த, பட்டை கழன்றுபோகாத, 2 முதல் 10 செ.மீ. தடிமனுள்ள கிளைகளில் தொடங்குங்கள். பட்டையின் ஓரத்தைக் கத்தியால் சற்றே நெம்பிப் பாருங்கள். அடியில் வளைந்து வளைந்து போகும் தட்டையான பாதையும் அதில் நார்நாரான தூள் அடைந்திருப்பதும் தெரிந்தால் நல்ல அடையாளம். பவுடர் போல மெல்லிய மாவு கொட்டினால் அது பெரும்பாலும் வேறு துளைப்பான்களின் வேலை. துளையின் வடிவமும் பேசும்: வட்டமோ நீள்வட்டமோ என்றால் நீள்கொம்பு வண்டாக இருக்கலாம், ஒரு பக்கம் தட்டையான அரைவட்டம் என்றால் பொன்வண்டுக் குடும்பம். வெளியேறிய துளைகள் நிறைந்து, தூள் பழுப்பேறிப் போயிருந்தால் வீடு காலி, விட்டுவிடுங்கள்.

ரம்பத்தை எடுப்பதற்கு முன் மரத்தின் பெயரை உறுதிசெய்யுங்கள். இலை, காய், பட்டை மூன்றையும் படமெடுத்து, ஓர் இலைக்கொத்தை அழுத்தி உலர்த்தி வையுங்கள். வெட்டிய மொட்டைக் கட்டையைப் பின்னால் அடையாளம் காண்பது பாடு. மரம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டு காத்திருப்பும் வீண். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

கிளைகளை 40 செ.மீ. துண்டுகளாக அறுத்து, வெட்டு முனைகளை உருக்கிய மெழுகில் தோய்த்தெடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகிறது. 20 லிட்டர் மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட் போதும். மூடியில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்டு, 1 மி.மீ. கண்ணுள்ள எஃகு வலையை ஒட்டுங்கள். துணியும் நைலான் வலையும் வேண்டாம், கடித்து வெளியேறிவிடும். ஒரு பக்கெட்டில் ஒரே மரம், ஒரே இடம், ஒரே நாள். இடம் மிச்சம் என்று இரண்டு மரங்களைக் கலந்தால், வெளிவரும் வண்டு எதிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை.

பெரும்பாலும் கைவிட்டுப் போவது ஈரத்தில்தான். அதிகமானால் பூஞ்சணம் படரும். குறைந்தால் புழு சாகாமலே மந்தமாகி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். செய்து முடித்த மரச்சாமான்களிலிருந்து பல ஆண்டு கழித்து வண்டு வெளிவருவது இதனால்தான். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. பக்கெட்டின் உட்சுவரில் நாள் முழுக்க நீர்த்துளி நின்றால் தெளிப்பதை நிறுத்துங்கள். துண்டுகளை முதல் நாளே எடைபோட்டு வைத்தால், எவ்வளவு ஈரம் போயிற்று என்பது கணக்காகத் தெரியும். குளிர்காலம் கடுமையான பகுதி இனங்களில் பலவற்றுக்கு 4–5 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மாதக் குளிர்ச்சி இல்லாமல் உறக்கம் கலையாது.

வாரத்துக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை வெளிவந்தால் ஒன்றன் கொம்பை ஒன்று கடித்துவிடும், காலும் போகும். தனித்தனிக் குப்பியில், ஈரக் காகிதத்தோடு இரண்டு மூன்று நாள் விடுங்கள். புதிதாக வந்த வண்டின் உடல் மெத்தென்றிருக்கும், நிறமும் முழுதாக ஏறியிருக்காது. உடனே கொன்றால் காய்ந்ததும் சுருங்கும். ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தால் எறிய வேண்டாம், அவையும் அதே மரத்தின் பதிவுதான்.

டி.என்.ஏ.வுக்கு வேண்டுமென்றால் ஒரு நடுக்காலை மட்டும் 95 சதவீத எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். எத்தில் அசிடேட்டில் கொன்ற பிறகு எடுப்பதைவிட முன்பே எடுப்பது நல்லது, அந்த ஆவி டி.என்.ஏ.வைச் சிதைக்கும். ஊசியை வலது இறக்கை உறையின் முன்பகுதியில் குத்துங்கள், நடுக்கோட்டில் அல்ல. கொம்புகளை உடலோடு ஒட்டிப் பின்னோக்கி மடித்து வைத்து உலரவிடுங்கள். நீட்டி வைத்தால் பெட்டியைத் திறக்கும் முதல் கையே ஒடித்துவிடும். புழுவை நேரே ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடும். கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் வைத்த பிறகு 80 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள்.

வண்டோடு வைக்கும் விவரச் சீட்டில் இரண்டு தேதிகள் வேண்டும்: மரம் எடுத்த நாள், வண்டு வெளிவந்த நாள். ஒன்றை மட்டும் எழுதினால், பக்கெட்டின் கதகதப்பில் முன்கூட்டியே வந்த வண்டைக் காட்டில் அந்த மாதத்தில் பறப்பதாகப் பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டு ஆண்டாகியும் எதுவும் வராவிட்டால் உளியால் பிளந்து பாருங்கள், உயிரோடு புழு இருக்கவும் கூடும். எல்லாம் முடிந்த மரத்தை வெளியே போட வேண்டாம், உள்ளே எஞ்சிய புழு புது இடத்தில் பரவிவிடலாம். ஆசிய நீள்கொம்பு வண்டு சரக்குகளைப் பொதியும் மரப்பெட்டிகளோடு பயணித்து 1996-இல் நியூயார்க்கில் நிழல் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டையை எரித்துவிடுங்கள், முடியாவிட்டால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் எட்டி, 30 நிமிடம் நிற்கும்படி சூடாக்குங்கள்.