வாரக் கிலோமீட்டரை ஏற்றுவது எப்படி: ஒரு திருவல்லிக்கேணிக்காரியின் கணக்கு

21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானில் பதினைந்து கிலோமீட்டர் வரை நன்றாகப் போய், அப்புறம் காலைத் தூக்க முடியாமல் நடக்க ஆரம்பிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு ஓடுறீங்க?” என்றுதான். பதில் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து. அதிலும் பாதி ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில். புது ஷூ வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. வார மொத்தம் ஏற வேண்டும்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லையே வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயம் அது! ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் வாங்கினார். நிதானமாக நிறைய ஓடும்போது தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, கொழுப்பை எரித்து ஓடவும் உடம்பு பழகுகிறது.

நமக்கு 160 எல்லாம் வேண்டாம். எனக்கு ஆறரைக்கு அடுப்படியில் இருக்க வேண்டும். நாலே முக்காலுக்குக் கிளம்பி மெரினா போனால், நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டர் சொச்சம், போய்வந்தால் ஆறு. இந்த நேரத்துக்குள் அடங்குகிற திட்டம்தான் கீழே இருப்பது.

முதல் வேலை, தூரத்தைக் கூட்டாமல் நாளைக் கூட்டுவது. இப்போது மூன்று நாளில் 6, 6, 12 என்று 24 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்றால், அதே 24-ஐ நான்கு நாளில் 6, 4, 4, 10 என்று பிரித்து ஒரு மாதம் ஓடுங்கள். சப்பென்றுதான் இருக்கும். பரவாயில்லை, அடிக்கடி ஓடக் கால் பழகட்டும்.

அப்புறம் ஐந்தாவது நாளைச் சேர்த்து 6, 5, 6, 5, 10, மொத்தம் 32. இங்கேதான் பலரும் பத்து சதவீத விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். வாரா வாரம் பத்து சதவீதம் ஏற்றினால் எட்டே வாரத்தில் 24 கிலோமீட்டர் 50-ஐத் தாண்டிவிடும். நுரையீரல் அதற்கு ஈடுகொடுக்கும். எலும்பும் தசைநாரும் கொடுக்காது. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். புதிதாக ஓட வந்தவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பத்து சதவீத விதிப்படி மெல்ல ஏற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் சொல்லும் முறை. ஒரு மொத்தத்தில் குறைந்தது மூன்று வாரம் நில்லுங்கள். ஏற்றும்போது, வாரத்தில் எத்தனை தடவை ஓடுகிறீர்களோ அத்தனை மைல் வரை ஏற்றலாம். ஐந்து நாள் என்றால் ஐந்து மைல், அதாவது எட்டு கிலோமீட்டர். அடுத்த படி 40: 8, 7, 8, 5, 12. அதற்கடுத்தது 48: 8, 10, 8, 7, 15. மூன்று வாரம் நின்றபின் ஒரு வாரம் கால்பங்கு குறைப்பது என் பழக்கம். லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், வார மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும்.

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரியில். அதனால் ஆகஸ்டில் ஆரம்பித்தால் நவம்பர் கடைசியில் 48-க்கு வந்துவிடலாம். கத்திரி வெயிலில் ஏற்றவே ஏற்றாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். நவம்பரில் மழை இரண்டு நாளைத் தின்றால் விட்டுவிடுங்கள். அதை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்ட நினைப்பதுதான் ஆபத்து.

வேகம்? கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நம் ஊரில் விடிகாலையில்தான் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, இதயம் கூடுதலாக அடிக்கும், வேகம் குறையும். வாட்ச் என்ன காட்டினாலும் மூச்சை நம்புங்கள். வார மொத்தம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும்வரை, வேகமாக ஓடி இடையிடையே இளைப்பாறும் இன்டர்வல் பயிற்சி வேண்டாம்.

அலையோர ஈர மணலில் ஓடுவது பார்க்க அழகு. ஆனால் அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். தூரம் ஏற்றும் மாதங்களில் நடைபாதையே மேல்.

பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்ற ஏற்றச் சோர்வுதான் கூடுகிறது, படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்றால், மனசைத் திட்டாமல் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்து இல்லாமல் எந்தத் திட்டமும் பலிக்காது. ஓடி வந்ததும் வெறும் காபியோடு சமையலில் இறங்குவது நம்மில் பலருக்கு வழக்கம். முதலில் இரண்டு இட்லியோ, ஒரு முட்டையும் வாழைப்பழமுமோ உள்ளே போகட்டும்; டிபன் பாக்ஸ் பத்து நிமிடம் காத்திருக்கும்.

வலியில் இரண்டு வகை உண்டு. தொடை முழுக்கப் பரவி, ஓட ஆரம்பித்ததும் தளர்கிற வலியோடு ஓடலாம். கெண்டைக்கால் முன் எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், அந்த வாரம் ஏற்றாதீர்கள்.

48-க்கு மேல் போகலாமா என்றால், நான் தூக்கத்தைத்தான் பார்ப்பேன். ஏழு மணி நேரம் தூங்க முடிகிற வீடு என்றால் 56-க்குப் போங்கள். முடியாதென்றால் 48-லேயே ஒரு வருடம் நில்லுங்கள்.