வாய்ப்புற்று சிகிச்சைக்குப் பிறகு: "பீர்தானே" என்று சொல்வதற்கு முன்னால்

வாய்ப்புற்றுக்கு ஆபரேஷன், அப்புறம் கரண்ட் எனப்படும் கதிர்வீச்சு சிகிச்சை, இரண்டும் முடித்தவன் நான். மதுரையில் செக்கப்புக்குப் போய் உட்காரும்போதெல்லாம், இப்போதுதான் சிகிச்சை முடித்தவர்கள் யாராவது பக்கத்தில் இருப்பார்கள். குடியைப் பற்றி அவர்கள் பேசுவது, அந்த நாளில் நான் பேசிய பேச்சேதான். குடி கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"புகையிலையை விட்டாச்சே"

நல்லது. ஆனால் குடி தனியாகவே வாய்ப்புற்றைக் கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஒன்றை விட்டவர் பாதி தூரம்தான் வந்திருக்கிறார்.

"பீர்தானே"

மேலூர்ப் பக்கம் ஒரு கிடா வெட்டுக்குப் போயிருந்தேன். சிகிச்சை முடிந்து சில மாதமே ஆன ஒருவர் பந்தியில் இருந்தார். கன்னத்தை எடுத்த இடத்தில் நெஞ்சுச் சதையை வைத்துத் தைத்திருந்தார்கள். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. எல்லோரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் ரசத்தில் சோற்றைக் கரைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மச்சினனுக்கு மனசு கேட்கவில்லை. "கறிதான் சாப்பிட முடியலை, இதையாவது குடிங்க மாமா. பீர்தானே, சூடு தணியும்" என்று டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மரத்துப்போன உதட்டோரத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குடித்தார். முதல் மடக்கிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரண்ட் வைத்த வாயில் எச்சில் சரியாக ஊறாது, உள்தோல் மெலிந்திருக்கும். எரியாமல் என்ன செய்யும்? "போகப் போகப் பழகிடும் மாமா" என்றார் மச்சினன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாசத்தில் சொன்னதுதான், தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

பீர் லேசு என்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தியில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி அடித்தால், உள்ளே போவது ஏறக்குறைய 38.5 மில்லி. பிராந்தியை விட்டு பீருக்கு மாறியவர் ஒரு பாட்டிலை முடித்தால் கட்டிங்கை விட அதிகமாகத்தான் குடித்திருக்கிறார்.

அது ஈரலுக்குப் போய்த்தான் கெடுக்கும் என்பதும் இல்லை. வாயில் இருக்கும் கிருமிகளே ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றத் தொடங்கிவிடும். செல்லின் மரபணுவைச் சிதைக்கிற நச்சு அது. எந்த வாயைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டோமோ, அதே வாயில்தான் அது உண்டாகிறது.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே" என்று அடுத்து ஒரு கேள்வி வரும். எடுத்தது ஒரு இடத்தைத்தான். வருஷக்கணக்காகப் புகையிலையும் சாராயமும் பட்டது வாய் முழுக்க, தொண்டையிலும் உணவுக்குழாயிலும்கூட. வயலில் கோரையைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்குமே, அப்படித்தான் இதுவும். பழைய புற்று திரும்பலாம், அல்லது வேறொரு இடத்தில் சம்பந்தமே இல்லாமல் புதிதாக ஒன்று வரலாம். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது.

அந்த மனிதர் விசேஷத்தோடு நிறுத்தவில்லை. நாக்கின் அடியில் ஒரு புண் வந்தபோது பீர் எரிச்சல் என்றே நினைத்துக்கொண்டார். செக்கப்புக்குப் போனால் டாக்டர் "குடிக்கிறீர்களா" என்று கேட்பார், பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று போகாமலே இருந்துவிட்டார். புற்று திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான், அதனால்தான் அந்தக் காலத்தில் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். அவர் திரும்பப் போனபோது அது புதுப் புற்று, நன்றாக வளர்ந்திருந்தது. ஒரு தடவை முழுதாகக் கரண்ட் வாங்கிய இடத்தில் இன்னொரு தடவை வைப்பது எளிதான காரியம் இல்லை. நாக்கின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

எனவே சொந்தக்காரர்களிடம் கேட்கிறேன், ஊற்றிக் கொடுக்காதீர்கள். மெல்ல முடியாதவருக்குப் பந்தியில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால், காரமில்லாமல் எலும்பு சூப்பைத் தனியாக எடுத்து ஆற வைத்துக் கொடுங்கள். கொத்துக்கறியைக் குழைய வேகவைத்து மிக்சியில் அடியுங்கள், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இளநீர் இருக்கிறது, தோல் எடுத்து மசித்த நுங்கு இருக்கிறது. ஜிகர்தண்டாவும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை தங்கினால் பல் சீக்கிரம் சொத்தையாகும். குடித்ததும் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

குடித்ததை மறைப்பது

குடித்திருந்தாலும் செக்கப்புக்குப் போங்கள். திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது புதிதாக வலி, இதில் எது வந்தாலும் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கொப்பளிக்கும் மருந்து

ஆல்கஹால் கலந்தது வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் போதும்.

அரிஷ்டம்

அதிலும் ஆல்கஹால் உண்டு. லேபிளைப் படியுங்கள்.

பல் பிடுங்குவது

கரண்ட் வைத்த தாடையில் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கவே கூடாது. ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். குடிப்பவருக்கும் புகைப்பவருக்கும் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவது

விட வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போய்விடும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஆபரேஷனுக்காக அட்மிட் ஆகும்போது குடிக்கும் அளவை மறைத்தவர்களுக்கு வார்டில் இது நடக்கும். அதனால் தினக்குடி இருந்தால் அளவைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார்கள். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.