கசானியில் கடிகாரத்தைத் திருப்புங்கள்

பெருவின் புனோவிலிருந்து பொலிவியாவின் கோபகபானாவுக்கு நண்பர்களோடு பஸ்ஸில் போகிறீர்களா? கசானி எல்லையில் எல்லோரும் இறங்கியாக வேண்டும். பெருவில் வெளியேறும் முத்திரை, பிறகு சற்று நடந்தால் பொலிவியாவின் நுழைவு முத்திரை. முத்திரை குத்தும் ஜன்னலை விட்டு நகரும் முன்பே தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மை மங்கினால் திரும்ப வரிசையில் நிற்க யாருக்குத் தெம்பிருக்கும்? 3,800 மீட்டர் உயரத்தில் அந்தச் சிறிய ஏற்றமே மூச்சு வாங்க வைக்கும். பாஸ்போர்ட்டும் பணமும் சட்டைக்குள் இருக்கட்டும். மிச்சமுள்ள பெருவின் சோல் நோட்டுகளைப் பொலிவியாவின் பணமான பொலிவியானோவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முக்கியமானது கடிகாரம். பொலிவியா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்கள் ஐவரில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. கோபகபானா கரைக்கு நாங்கள் வந்தபோது, சூரியத் தீவுக்குப் போகும் படகு டிட்டிகாக்கா ஏரி நடுவில் சிறு புள்ளியாகத் தெரிந்தது.