வீட்டுப்பாடம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் நெரிசலைக் கடந்து வீட்டுக்கு வரவே இரவு ஏழு, ஏழரை ஆகிவிடுகிறது. குளித்துச் சாப்பிட்டுப் பிள்ளையின் புத்தகப்பையைத் திறக்கும்போது ஒன்பது மணி. “இன்னுமா முடிக்கவில்லை?” என்று குரல் உயர்கிறது, பிள்ளை அழுகிறது. தாய் தந்தை வந்த பிறகுதான் வீட்டுப்பாடம் என்று வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்குப் பிள்ளைகள் இருட்டிலேயே எழுந்து கிளம்புகிறார்கள். 6 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. ஐந்தரைக்கு எழும் பிள்ளை எட்டரைக்குள் தூங்கியிருந்தால்தான் குறைந்தபட்ச அளவாவது கிடைக்கும். ஒன்பது மணிக்குக் கணக்கில் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

பள்ளி வேன் வந்து இறங்கியதும் குளியல், சாப்பாடு, சற்று ஓய்வு, பிறகு புத்தகம் என்று வரிசையைப் பழக்குங்கள். கடிகாரத்தைவிட வரிசைதான் பிள்ளைக்கு எளிதில் மனத்தில் நிற்கும். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. “பையை எடுத்துக்கொண்டு வா, கண்ணு” என்று மேசையில் உட்கார வைத்தாலே போதும். பராமரிப்பு நிலையத்தில் இருக்கும் பிள்ளை எழுத்து வேலையை அங்கேயே முடிக்கட்டும். டியூசன் இருக்கும் நாளுக்கு வேறொரு நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகும் பெற்றோரின் பதற்றம் குறையவில்லை. கடையில் கண்ட பயிற்சி நூல்களையெல்லாம் வாங்கி, பள்ளி வேலையை முடித்த பிள்ளையின் முன் “இதையும் செய்” என்று வைக்கிறார்கள். சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலை வரும் என்று பிள்ளை கண்டுகொள்கிறது. மறுநாளிலிருந்து அரைமணி நேர வேலையை இரண்டு மணி நேரம் இழுக்கிறது. முடித்தால் விளையாட்டு என்று சொல்லியிருந்தால் விளையாடத்தான் விட வேண்டும். வீட்டுப்பாடத்தை ஆராய்ந்த ஹாரிஸ் கூப்பர், வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற அளவை ஆதரிக்கிறார்: முதலாம் ஆண்டுக்குப் பத்து நிமிடம், ஆறாம் ஆண்டுக்கு ஒரு மணி நேரம். ஏழு வயதுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளை எழுதியதை அழித்துத் தாமே சரியான விடையை எழுதித் தருவது இன்னொரு தவறு. வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் 1 முதல் 6 வரை அடைவு நிலை தருகிறார். பிழையே இல்லாத புத்தகத்தைப் பார்ப்பவருக்குப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் புரியவில்லை என்பது எப்படித் தெரியும்? பிழை அப்படியே போகட்டும்.

மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உதவ வழியில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மலாயில் தடுமாறும் பெற்றோருக்கும் இதே தயக்கம் உண்டு. ஒதுங்காதீர்கள். “எனக்கு வாசித்துக் காட்டு, கதையைச் சொல்” என்று கேளுங்கள். அம்மாவுக்கே சொல்லித்தருகிறோம் என்ற பெருமிதத்தில் பிள்ளை தானாகவே தெளிவாகப் படிக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் பாடத்தைப் பார்க்கக் கைப்பேசியைப் பிள்ளையிடமே கொடுத்துவிடாதீர்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டதும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

நேரம் முடிந்தும் ஒரு கணக்கு வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, “அரைமணி நேரம் முயன்றான், இந்த இடம் புரியவில்லை” என்று புத்தகத்தின் ஓரத்தில் ஆசிரியருக்கு எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.