அளக்காமல் சூடு வைக்காதீர்கள்: போன் போர்டு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மதுரை சர்வீஸ் கடைகளுக்கு ஒரே மாதிரி போன்கள் வரத் தொடங்கும். அழகர் ஆற்றில் இறங்கும்போது பீய்ச்சிய தண்ணீரில் நனைந்தவை, கூட்டத்து வியர்வையில் ஊறியவை. "அரிசிக்குள்ள போட்டு வச்சேண்ணே, ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு, இப்ப ஆன் ஆகல" என்பார்கள். நன்றாக ஓடிய அந்த இரண்டு நாள்தான் போர்டைத் தின்றிருக்கும். ஈரத்தோடு பேட்டரியின் கரண்ட் சேரும்போதுதான் அரிப்பு வேகமெடுக்கிறது. பேட்டரி இணைப்பில் இருக்கிற வரை 4 வோல்ட் லைனுக்கும் (போர்டில் கரண்ட் ஓடும் தடம்) கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கம்) நடுவே ஈரத்தின் வழியாகக் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும், அதில் செம்பு கரைந்து பச்சை பூக்கும். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். அரிசி இதில் எதையும் தடுக்காது. ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசிப் பையில் வைக்காதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதியிருக்கிறது. போனை அணைத்துவிடுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.

கடைக்காரர் செய்யும் தவறு வேறு. ப்ளோயரில் காய வைத்துக் கொடுத்துவிடுவது. தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே இருக்கும். ஐசிகளை மூடியிருக்கும் தகர மூடியான ஷீல்டைத் திறந்து 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தின்னர் வேண்டாம், கனெக்டரின் பிளாஸ்டிக்கை அது தின்றுவிடும்.

அடுத்தது, வேலை பழகும் தம்பிகள் அதிகம் ஏமாறுகிற இடம்: மல்டிமீட்டரின் பீப் சத்தம். கண்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் கத்தும் மோடு) வைத்து ஒரு காயிலைத் தொட்டதும் பீப் அடித்தால் உடனே "சிபியு ஷார்ட்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிபியு, கிராபிக்ஸ் கோர் லைன்களில் நல்ல போர்டிலேயே கிரவுண்டுக்கு மிகக் குறைவான ஓம்தான் காட்டும், அந்த அளவுக்கெல்லாம் மீட்டர் கத்தத்தான் செய்யும். அதை நம்பி நல்ல சிபியுவைக் கழற்றியபின் அந்த போன் திரும்பி வருவது அபூர்வம். பீப்பை விட்டுவிட்டு மீட்டரின் டயோடு மோடுக்கு (வோல்டேஜ் இறக்கத்தை எண்ணாகக் காட்டும் மோடு) மாறுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிவப்பு முனை கிரவுண்டில், கருப்பு முனை பார்க்க வேண்டிய பின்னில். பூஜ்யம் வந்தால் ஷார்ட்டா என்று சந்தேகப்படலாம், ஓஎல் (OL, மீட்டரின் அளவைத் தாண்டியது) வந்தால் அந்த லைன் எங்கோ அறுந்திருக்கலாம். நடுவில் வரும் எண்ணை அதே மாடலின் நல்ல போர்டோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் தெரியும். அதனால், சரியாக ஓடுகிற போன் டிஸ்ப்ளே மாற்ற வந்தால்கூட நாலு கனெக்டரின் ரீடிங்கை நோட்டில் எழுதி வையுங்கள்.

டெட் செட் (ஆன் ஆகாத போன்) வந்தால் ஷீல்டைத் தூக்குவதற்கு முன்னால் டிசி சப்ளையில் 4 வோல்ட் வைத்து, பவர் பட்டனை அமுக்காமல் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள். நல்ல போர்டு கிட்டத்தட்ட எதுவும் இழுக்காது. பட்டனைத் தொடாமலே 100, 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் பேட்டரி லைனிலோ அதிலிருந்து நேராகப் போகிற மெயின் லைனிலோ கசிவு. கொடுத்ததும் சப்ளை லிமிட்டுக்குப் போய் நின்றால் முழு ஷார்ட். பட்டனை அமுக்கியும் முள் அசையவில்லை என்றால் பட்டன் லைன், பேட்டரி கனெக்டர், பவர் ஐசி (மற்ற பாகங்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சிப்) என்ற வரிசையில் போகலாம். இரண்டு நிமிட வேலை இது, செய்யாமல் விட்டால் ஒரு நாள் போய்விடும்.

ஷார்ட் இருக்கிற லைனில் வோல்டேஜ் கொடுத்துச் சூடாகிற பாகத்தைத் தேடுவது நல்ல முறைதான், ஆனால் எல்லா லைனுக்கும் 4 வோல்ட்டையே கொடுக்கிறார்கள். 1 வோல்ட் அளவில் ஓடுகிற கோர் லைனில் 4 வோல்ட் ஏற்றினால் ஷார்ட் ஆன கெபாசிட்டரோடு சிபியுவும் போய்ச் சேரும். ஸ்கீமேட்டிக்கில் (போர்டின் சர்க்யூட் வரைபடம்) அந்த லைனின் வோல்டேஜைப் பார்த்து அதற்கும் கீழே தொடங்குங்கள். தெர்மல் கேமரா இல்லையா, ஐபிஏவைத் தடவிவிட்டு எந்த இடம் முதலில் காய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு சின்ன செராமிக் கெபாசிட்டராகத்தான் இருக்கும்.

சூடு விஷயத்துக்கு வருவோம். காரணம் தெரியாமல் ஐசி மேல் ஹாட் ஏர் அடிக்கிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஈயமில்லாத சால்டர் உருகுவது 217 டிகிரிக்கு மேல்தான், அதற்குள் பக்கத்து ஐசிகளின் கீழே இருக்கிற பிசின் இளகி, உருகிய சால்டரைப் பிதுக்கிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ரேம் சிபியுவின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, அங்கே இப்படி நடந்தால் ஒரு வாரம் ஓடிவிட்டு மறுபடி நிற்கும். ஐபோன் 7-ல் ஆடியோ ஐசி பிரச்சினை வந்தபோது இதைப் பலரும் பார்த்தோம். அந்த ஐசிக்குக் கீழே பேடிலிருந்து (சால்டர் பிடிக்கும் செம்புப் புள்ளி) லைன் விட்டுப்போவதுதான் கோளாறு. ஐசியை எடுத்து ஜம்பர் (விட்டுப்போன லைனுக்குப் பதிலாக மெல்லிய கம்பி) போட்டால் வேலை நிலைக்கும், மேலே சூடு மட்டும் காட்டினால் திரும்பி வரும். வாடிக்கையாளருக்கு அது தெரியாது, காசு வாங்கிய நமக்குத் தெரியும்.

"சாஃப்ட்வேர் அடிச்சுப் பாப்போம்" என்பதும் இதே ரகம். ஹார்டுவேர் கோளாறுள்ள போனில் ஃபிளாஷ் போட்டால் (சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினால்) கோளாறு போகாது, போட்டோக்கள் போய்விடலாம். ஐபோனிலும் இப்போதைய ஆண்ட்ராய்டிலும் டேட்டா பூட்டப்பட்டிருக்கிறது, சாவி சிபியுவோடு பிணைந்தது, மெமரி ஐசியை மட்டும் வேறு போர்டில் வைத்து எடுக்க முடியாது. உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து போனை நீட்டினால், "போன் வேணுமாம்மா, உள்ள இருக்கிற போட்டோ வேணுமா?" என்று முதலில் கேளுங்கள். போட்டோ என்றால் வேலை முறையே மாறும்: சிபியு, மெமரி பக்கம் சூடு போகக் கூடாது.

ஸ்க்ரூக்களையும் கலக்காதீர்கள். ஐபோனில் பக்கத்துப் பக்கத்து ஸ்க்ரூக்களே நீளம் வேறு. நீளமானதைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் போர்டின் உள் லேயரில் ஓடும் லைனை அறுத்துவிடும்.

டிவி பவர் போர்டு பார்ப்பவர்களுக்கு ஒன்று. 230 வோல்ட்டை டிசியாக்கினால் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்காதீர்கள், பவர் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சரிபார்த்த போர்டுக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸில் ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு இருக்கட்டும். லேசாக மின்னி அடங்கினால் பரவாயில்லை, முழு வெளிச்சத்தோடு எரிந்தால் உடனே அணைத்துவிட்டு ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கும் பாகம்), மாஸ்ஃபெட் (கரண்டை ஆன், ஆஃப் செய்யும் பாகம்) இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள்.