பழைய பிரம்பு நாற்காலியை ஃபிளாட்டுக்கு ஏற்றபடி தயார் செய்வது எப்படி?

சென்னைப் புழுக்கத்தில் ரெக்சின் சோபாவில் கொஞ்ச நேரம் சாய்ந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலியில் அந்தத் தொல்லை இல்லை. பின்னலின் கண்கள் வழியாகக் காற்று போய் வரும். பழுதானால் கழற்றிச் சரிசெய்யலாம். சின்ன ஹாலுக்கு இதைவிட நல்ல இருக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

1. பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் நிறைய உண்டு. ‘பர்மா தேக்கு’ என்று கடைக்காரர் சொன்னதும் விலை பேச இறங்காதீர்கள். முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளிலிருந்து மாவு போலத் தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, வேண்டாம். மூட்டு ஆடினால் பரவாயில்லை. அப்புறம், உங்கள் லிஃப்ட் கதவை அளந்துகொண்டு போங்கள்.

2. மூட்டுகளை இறுக்குங்கள்

பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரப்பசை தடவி, கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். ஆணி மட்டும் அடிக்காதீர்கள். மரம் பிளக்கும், அடுத்த முறை கழற்றவும் முடியாது.

3. தொய்ந்த பிரம்பை மீட்டெடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பட்டை அறுந்திருந்தால் பின்னுபவரிடம்தான் கொடுக்க வேண்டும். வெறுமனே தொய்ந்திருந்தால் வெந்நீர் போதும். பிரம்புப் பட்டையின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் இறங்காது. அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், அதுதான் உறிஞ்சும். ஆகவே நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். மரத்தில் தண்ணீர் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள், பழைய பாலிஷ் வெளுத்துப்போகும். பிறகு நிழலில் உலர்த்துங்கள். காயக் காயப் பட்டை சுருங்கி இறுகும். நன்றாகக் காயும்வரை யாரையும் உட்கார விடாதீர்கள்.

4. மரத்துக்கு எண்ணெய்

220 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஏசி அறையில் பிரம்பு வறண்டு ஒடியும். அவ்வப்போது அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பல்பு மாட்ட அதன்மேல் ஏறி நிற்கவே கூடாது.