பெட்ரோல் சிந்தினால் பெயின்ட் போகாமல் இருக்க

பழைய பாணி ஸ்போர்ட்ஸ் கார்களில் பெட்ரோல் மூடி பல நேரம் பின்பக்க மேல்தகட்டிலேயே இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மடக்கு வழிந்தாலும் நேராகப் பெயின்ட் மேல்தான் ஓடும்.

பெட்ரோல் முதலில் மெழுகுப் பூச்சைக் கரைக்கும். அப்புறம் பெயின்டை இளக்கும். பழைய லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் வகை) பெயின்டும், அடித்துச் சில வாரமே ஆன புதுப் பெயின்டும் சீக்கிரம் பாதிக்கப்படும். தானாகக் காய்ந்துவிடும் என்று விட்டால் மஞ்சள் கறை தங்கிவிடும்.

சிந்தியதும் பலரும் செய்யும் தவறு, கையில் கிடைத்த துணியால் அழுத்தித் தேய்ப்பது. இளகிய பெயின்டில் தூசி உரசினால் கீறல் நிச்சயம். மெதுவாக ஒற்றி எடுங்கள். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு கார் ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் அந்த இடத்துக்கு மறுபடி மெழுகு பூசுங்கள். பெட்ரோல் நனைந்த துணியை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், தீ ஆபத்து.

சிந்தாமல் பார்த்துக்கொள்வது இன்னும் சுலபம். பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் வெயிலில் பெட்ரோல் விரிந்து மூடி வழியாகவே கசியும். பெட்ரோல் ஊற்றும் முன் டேங்க் வாயைச் சுற்றி ஒரு தடித்த பருத்தித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். நிரப்பியதும் பம்ப் குழாயை எடுக்கும் முன் சில நொடி பொறுத்தால் கடைசிச் சொட்டும் உள்ளேயே விழும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் மாதக்கணக்கில் பம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி அந்த வளையம்!